தந்தை வழிப் பாத்தியதை

மெல்பர்ன் கால்பந்துச் சங்கத்தின் பொருட்டு 1936 முதல் 1940 வரை ஐந்து பருவங்களில் 58 ஆட்டங்கள் ஆடி, 84 கோல்கள் அடித்து, இருபத்தேழாவது பிராயத்தில் லிபியாக் கடற்கரையில் யுத்தத்திற்கு இரையாகி மறைந்த ரொனால்ட் ஜேம்ஸ் பராஸியின் ஜீவிய சரித்திரத்தை இவ்வெண்களை மாத்திரம் கொண்டு அளக்கப் புகுந்தால், அது நாலு வரிக் குறிப்புக்குள் அடங்கிவிடும். அவரோடு தோள் சேர்ந்து ஆடியவர்களுள் அவரினும் கீர்த்தி பெற்றவர்கள் பலர். தொழிற்சாலை விபத்தில் விரல்களை இழந்த பின்னும் கையுறை அணிந்து ஆடிய ஜாக் முல்லர், கிரிக்கெட்டிலும் விக்டோரியாவுக்குத் தலைமை தாங்கிய பெர்ஸி பீம்ஸ், கோல் அடிப்பதில் நிகரற்ற நார்ம் ஸ்மித் ஆகியோர் நிறைந்த அந்தக் குழுவில் பராஸி முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர் அல்லர். ஆயினும் அவர்கள் எல்லோருடைய ஆட்டமும் பழங்கதையாகிவிட்ட பின்னர், ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஒரு பெரிய சம்பிரதாயத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்து நிற்பது பராஸி என்ற பெயரே. அவர் விட்டுச் சென்ற குழந்தைக்கு அவருடைய தோழர்கள் செய்த கடமையினால் நேர்ந்த சிறப்பு அது; அதை விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆஸ்திரேலிய விதிப்படி ஆடப்படும் கால்பந்து நம்மவர் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கொண்டு, நீள்வட்டமான பெரிய மைதானத்தில், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேராக நின்று ஆடும் ஆட்டம் அது. மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் ஆறு புள்ளிகள், ஓரத்துக் கம்பங்களின் ஊடே சென்றால் ஒரே புள்ளி. பந்தைக் கையால் எறிதல் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் தட்டியே தோழனுக்குக் கொடுக்கவேண்டும். உதைத்த பந்தை வானில் எழும்பிப் பற்றிவிட்டவன், எவரும் தன்னைத் தீண்டாத சுதந்திரத்தோடு அதை மீண்டும் உதைக்கலாம். 1859 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் தேதி, டாம் வில்ஸ் முதலிய சிலர் மெல்பர்ன் நகரத்து விடுதி ஒன்றில் கூடிப் பத்தே விதிகளை எழுதி வைத்ததிலிருந்து இந்த ஆட்டத்தின் எழுதப்பட்ட சரித்திரம் தொடங்குகிறது. அந்த விதிகளை வகுத்த சங்கமே பராஸி ஆடிய மெல்பர்ன் சங்கமாதலால், உலகத்தின் மிகப் பழைய கால்பந்துச் சங்கங்களுள் ஒன்றின் சட்டையை அவர் அணிந்தார் என்று சொல்லலாம்.

அவர் வகித்த இடத்திற்கு ரோவர் என்று பெயர். உயரமான ஆட்கள் எழும்பித் தட்டிவிடும் பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து, கால்களின் நெரிசலுக்குள் புகுந்து, அதை அள்ளிக்கொண்டு வெளியேறுவது ரோவரின் தொழில். சிறு மேனியும் பெருந்துணிவும் உடையவர்களுக்கே அந்த இடம் கிடைக்கும். ஆட்டம் முழுவதும் பந்தின் பின்னாலேயே ஓடவேண்டியிருப்பதால் இளைப்பாற நேரமே இராது. பார்ப்பவர்களுடைய கரகோஷமோ பெரும்பாலும் உயர எழும்பிப் பந்தைப் பற்றுகிறவனுக்கே போய்ச் சேரும். அத்தகைய இடத்தில் ஐந்து வருஷம் நிலைத்தவர் என்பதே பராஸியின் குணத்தை ஒருவாறு காட்டுகிறது.

விக்டோரியா ராஜ்யத்தின் நடுப்பகுதியில், காஸில்மெய்ன் நகருக்கு அருகில் உள்ள கில்ஃபோர்ட் என்னும் சிற்றூரே பராஸி குடும்பத்தின் ஊர். 1850 களில் அந்தப் பிரதேசத்தில் பொன் கிடைத்தபோது, ஸ்விட்ஸர்லாந்தின் இத்தாலிய மொழி பேசும் பள்ளத்தாக்குகளிலிருந்து வறுமைக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த ஜனங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியேறினார்கள். பொன் தீர்ந்த பின்னர் திரும்பிப் போகாமல் நிலத்தைத் திருத்தி, கல்வீடு கட்டி, திராட்சை பயிரிட்டு அங்கேயே வேர்விட்டவர்களின் சந்ததியில் பராஸியும் ஒருவர். ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் நிறைந்த ஒரு சமூகத்தில் அந்நிய ஒலியுடைய அந்தக் குலப்பெயர், பிற்காலத்தில் அந்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும் பெயராயிற்று.

அவர் மெல்பர்ன் சங்கத்தில் சேர்ந்த காலம் நல்ல காலம். ரிச்மண்டிலிருந்து 1933 இல் பயிற்சியாளராக வந்த ஃபிராங்க் ஹியூஸ், சோர்ந்து கிடந்த சங்கத்தைத் தட்டி எழுப்பி, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வந்தார். 1939 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் காலிங்வுட்டை 53 புள்ளிகளால் வென்று, 1926 க்குப் பின் முதல் முறையாகப் பட்டம் பெற்றது மெல்பர்ன். மறு ஆண்டு ரிச்மண்டை 39 புள்ளிகளால் வென்றது. அன்று நார்ம் ஸ்மித் ஒருவரே ஏழு கோல்கள் அடித்தார். அந்த 1940 ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் பராஸி பத்தொன்பதாம் ஆட்டக்காரராக, அதாவது யாரேனும் களைத்தோ காயமுற்றோ வெளியேறினால் புகுவதற்குரிய ஒரே மாற்றாளாக, இடம் பெற்றார். பட்டம் வென்ற குழுவில் ஒருவர் என்ற பெருமை அதனால் அவருக்குக் கிட்டியது. அது அவருடைய கடைசிப் பருவம்.

ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு ஓராண்டு கடந்திருந்தது. படையில் சேர்ந்து கடல் கடந்த பராஸி வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். 1941 ஏப்ரல் மாதத்தில் ரோமெல் தலைமையில் முன்னேறிய ஜெர்மானியரும் இத்தாலியரும் லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தைச் சூழ்ந்துகொண்டபோது, அதைக் காத்து நின்றவர்களுள் பெரும்பகுதியினர் ஜெனரல் மோர்ஸ்ஹெட்டின் கீழ் இருந்த ஆஸ்திரேலியப் படையினர். மூன்று புறமும் பகைவர். கடல் ஒன்றே உணவும் வெடிமருந்தும் வந்து சேரும் வழி. நிழலுக்கு ஒரு மரம் இல்லாத கற்பாலையில், பகல் எல்லாம் குழிகளுக்குள் முடங்கிக் கிடந்து, விமானங்கள் இடைவிடாமல் பொழிந்த குண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்து, மாதக்கணக்கில் அந்த வீரர்கள் அந்தத் துறைமுகத்தை விடாமல் வைத்திருந்தார்கள். அந்த முற்றுகையின் நடுவே, 1941 ஜூலை 31 ஆம் தேதி, பராஸி கொல்லப்பட்டார். விக்டோரியக் கால்பந்து லீக்கில் ஆடியவர்களுள் இரண்டாம் உலக யுத்தத்தில் முதலில் உயிர் துறந்தவர்களுள் அவர் ஒருவர். டோப்ருக்கில் உள்ள யுத்த மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

முதலில் என்றேன், அந்தக் குழுவிலேயே அவருக்குப் பின்னும் பலர் சென்றார்கள். மர்ரி நதிக்கரையிலுள்ள மெர்பீனிலிருந்து வந்து இரண்டு பட்டங்கள் வென்ற ஹரால்ட் பால், காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் மருத்துவப் படைப் பிரிவில் சேர்ந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த நாட்களில் இருபத்தொரு வயதில் மாண்டான். தமிழர் ஆயிரக்கணக்கில் குடியிருந்து, அதே நாட்களில் அதே குண்டுமழையில் அகப்பட்ட நகரம் அது. கீத் ட்ரஸ்காட் என்னும் செம்பட்டைத் தலையர் விமானப்படைப் பயிற்சியின் நடுவே விடுப்புப் பெற்று வந்து 1940 இறுதிப் போட்டியில் ஆடினார். பிறகு இங்கிலாந்தின் வானத்தில் போரிட்டுப் புகழ் பெற்று, நியூகினியின் மில்ன் விரிகுடாவில் ஜப்பானியரை எதிர்த்த விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1943 மார்ச் 28 ஆம் தேதி எக்ஸ்மவுத் வளைகுடாவில் பயிற்சிப் பறத்தலின்போது விமானத்தோடு கடலில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. விமானியாகச் சென்ற ஸிட் ஆண்டர்ஸன் 1944 இல் மறைந்தார். அந்தச் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு வருஷந்தோறும் வழங்கும் பதக்கம் இன்று ட்ரஸ்காட்டின் பெயரையும், இளம் ஆட்டக்காரருக்கு அளிக்கும் பரிசு ஹரால்ட் பாலின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தையே ராணுவம் எடுத்துக்கொண்டபடியால், 1942 முதல் சங்கம் தன் வீட்டை விட்டு ரிச்மண்டின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. 1946 வரையில் அந்தப் பெரிய மைதானத்தில் கால்பந்து திரும்பவில்லை.

பராஸியின் பெயராலும் அந்தச் சங்கத்தில் ஒரு நினைவுப் பரிசு உண்டு. அவர் விட்டுச் சென்றது எல்ஸா என்னும் இளம் விதவையையும், 1936 பிப்ரவரியில் பிறந்த ரான் என்று அழைக்கப்பட்ட ரொனால்ட் டேல் என்னும் ஐந்து வயது மகனையும். அந்தக் காலத்தில் ஆட்டக்காரன் எவ்வளவு பெரியவனானாலும் ஓர் ஆட்டத்திற்கு மூன்று பவுனுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று 1930 இல் லீக் விதித்திருந்தது. ஆகவே கால்பந்து ஆடி எவரும் குடும்பத்திற்குச் சொத்து வைத்துவிட்டுப் போக முடியாது. தாய் பிழைப்புக்காக நகரத்தில் வேலை செய்ய, பிள்ளை சில காலம் கில்ஃபோர்டில் தந்தையின் உறவினரிடத்தில் வளர்ந்தான். நாட்டுப்புறத்து முற்றங்களில் பந்து உதைத்த அந்தப் பிள்ளைக்குத் தந்தையின் முகம் நன்றாக நினைவில் இருந்திருக்க நியாயமில்லை; ஆனால் தந்தை ஆடிய சங்கம் எது என்பதில் அவனுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

சங்கத்தாரும் அவனை மறக்கவில்லை. அவர்களுள் முதன்மையாகச் சொல்லவேண்டியவர் நார்ம் ஸ்மித். தந்தையின் தோழராக ஆடிய அவர், ஃபிட்ஸ்ராய் சங்கத்தில் மூன்றாண்டு இருந்துவிட்டு 1952 இல் மெல்பர்னுக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். எல்ஸா மறுமணம் செய்துகொண்டு டாஸ்மேனியாவுக்குக் குடிபெயர நேர்ந்தபோது, பதின்பருவத்து ரான் மெல்பர்னிலேயே தங்க விரும்பினான். கோபர்க்கில் தம் வீட்டுப் பின்கட்டில் இருந்த சிறு அறையை ஸ்மித் அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார். சாப்பாடும் தூக்கமும் மட்டும் அல்ல. பேச்சும் கண்டிப்பும் ஆட்டத்தின் நுட்பமும் அந்த வீட்டிலேயே அவனுக்குக் கிடைத்தன. ஸ்மித் தயவு தாட்சண்யம் காட்டாத கடுமையான பயிற்சியாளர் என்று பெயர் பெற்றவர். தம் வீட்டில் உண்டு வளர்ந்த பிள்ளை என்பதற்காக மைதானத்தில் அவனிடம் அவர் ஒரு சொல்லும் குறைத்துப் பேசியதில்லை. இறந்துபோன சிநேகிதனுக்கு ஒருவன் செய்யக்கூடிய காரியங்களுள் இதனினும் பெரியது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மலர்வளையம் வைப்பதும் கல்வெட்டில் பெயர் பொறிப்பதும் ஒரு நாளில் முடிந்துவிடும். அடுத்த வேளைச் சோற்றுக்கு ஓர் இலை கூடப் போடுவது வருஷக்கணக்கான விரதம்.

ஆனால் அன்பு ஒன்று இருந்தால் மட்டும் அந்தப் பிள்ளையைத் தந்தையின் சங்கத்தில் சேர்த்துவிட முடியாது. 1915 முதல் லீக், மெல்பர்ன் நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்தையும் ஒரு சங்கத்திற்கு உரிமையாக்கியிருந்தது. ஓர் எல்லைக்குள் குடியிருப்பவன் அந்த எல்லைக்குரிய சங்கத்தில்தான் ஆடவேண்டும். பணக்காரச் சங்கம் ஒன்று நல்ல பிள்ளைகள் அனைவரையும் வளைத்துக்கொள்ளக் கூடாது என்னும் நியாயமான எண்ணமே அந்த ஏற்பாட்டுக்குக் காரணம். ரான் வசித்த பகுதியோ மெல்பர்ன் சங்கத்திற்கு உரியதன்று. அவன் திறமையை அறிந்துகொண்ட காலிங்வுட்டும் கார்ல்டனும் அவன் மீது கண் வைத்திருந்தன. டோப்ருக்கில் மாண்டவனின் மகன், எல்லைக் கோடு ஒன்றின் காரணமாகத் தந்தையின் எதிரிகளுக்காக ஆட நேரும் என்பதைச் சங்கத்தாரால் பொறுக்க முடியவில்லை. ஒரு சங்கத்திற்காக ஆடியவரின் மகன், எந்த வட்டாரத்தில் வசித்தாலும், விரும்பினால் தந்தையின் சங்கத்திலேயே சேரலாம் என்னும் விதி அவனுக்குக் கைகொடுத்தது. தந்தை மகன் விதி என்று அது இன்றளவும் வழங்கி வருகிறது.

இந்த விதியே பராஸியின் மகனுக்காகப் பிறந்தது என்று ஜனங்கள் சொல்வதுண்டு. உண்மை அதிலிருந்து சற்றே விலகியது. ரான் பராஸிக்கு முன்பே, 1951 இல், ஹார்வி டன் என்னும் ஆட்டக்காரரின் மகன் இந்த விதியின்படி கார்ல்டன் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார். ஆயினும் ஜனங்களுடைய கதை பராஸியைத்தான் தேர்ந்துகொண்டது. சட்டப் புத்தகத்தில் கிடந்த ஒரு வாசகம் அந்த அநாதைப் பிள்ளையின் மூலமாகவே ஊர் அறிந்த தர்மமாயிற்று என்பதில் ஐயமில்லை. சரித்திரக்காரன் தேதியைத் திருத்த வேண்டியதுதான். ஆனால் இந்தத் திருத்தம் கதையின் நியாயத்தைக் குறைத்துவிடுவதாக நான் கருதவில்லை.

1953 இல், பதினேழு வயதில், ரான் பராஸி மெல்பர்னுக்காகக் களம் இறங்கினார். தந்தை அணிந்த 31 ஆம் எண் சட்டையை அவர் அணிந்து புகழ்பெறச் செய்தார். எழும்பிப் பந்தைத் தட்டிவிடும் உயரமான ரக் ஆட்டக்காரர் ஆவதற்கு உடம்பு போதாமலும், ரோவராவதற்குச் சற்று மிகுதியாகவும் இருந்த அவரை எங்கே நிறுத்துவது என்ற பிரச்சினைக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட ரக்-ரோவர் என்னும் ஒரு பாத்திரத்தை ஸ்மித் உருவாக்கி விடை கண்டார். அதற்குப் பிறகு எல்லாச் சங்கங்களும் அந்த அமைப்பைப் பின்பற்றின. 1955, 1956, 1957, 1959, 1960, 1964 ஆகிய ஆறு ஆண்டுகளில் மெல்பர்ன் பட்டம் வென்றபோது ஆறிலும் அவர் ஆடினார். கடைசி இரண்டில் அவரே தலைவர். அந்தச் சங்கத்திற்காக அவர் ஆடியவை 204 ஆட்டங்கள்.

1964 இன் முடிவில் அவர் மெல்பர்னை விட்டுக் கார்ல்டனுக்குத் தலைவரும் பயிற்சியாளருமாகச் சென்றதை அந்தச் சங்கத்து அபிமானிகள் நெடுநாள் மன்னிக்கவில்லை. தந்தையின் பெயரால் வந்தவன், வளர்த்தவரின் நிழலில் உயர்ந்தவன், இப்படிப் போகலாமா என்று அழுதவர்களும் உண்டு. அவர்களுடைய துக்கம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அதை நான் நன்றிக்கேடு என்று சொல்லத் துணியேன். ஸ்மித் இருக்கும்வரை அங்கே பயிற்சியாளர் பதவி அவருக்கு வரப்போவதில்லை. குருவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்வதைவிட வேறிடம் போய்த் தம் திறமையைச் சோதிப்பது கண்ணியமான வழியே. தந்தை வழிப் பாத்தியதை என்பது உள்ளே வருவதற்கான கதவு. அதையே வெளியே போகவொட்டாத பூட்டாகவும் ஆக்கிவிட்டால், மாண்டவரின் நினைவைக் கொண்டு உயிரோடிருப்பவரைக் கட்டிப்போட்டதாக முடியும். அவர் சென்ற மறு ஆண்டே ஸ்மித்தை நடுப்பருவத்தில் பதவியிலிருந்து நீக்கிச் சில நாட்களில் திரும்ப அழைத்துக்கொண்ட சங்கம், 1964 க்குப் பின் 57 ஆண்டுகள் கழித்து 2021 இல்தான் மறுபடி பட்டத்தைக் கண்டது.

கார்ல்டனுக்கு 1968 இலும் 1970 இலும், வட மெல்பர்னுக்கு 1975 இலும் 1977 இலும் அவர் பயிற்சியாளராகப் பட்டம் வென்று தந்தார். 1970 இறுதிப் போட்டியில் 1,21,696 பேர் கூடியிருக்க, பாதி ஆட்டத்தில் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்த கார்ல்டன், காலிங்வுட்டைப் பத்துப் புள்ளிகளால் வென்ற அதிசயம் இன்றும் பேசப்படுகிறது. கைமுஷ்டியால் தட்டி வேகமாகப் பந்தை நகர்த்துங்கள் என்று இடைவேளையில் அவர் இட்ட கட்டளை ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டதென்பர். ஆஸ்திரேலியக் கண்டத்தில் இந்தக் கால்பந்து செல்வாக்குப் பெற்ற பகுதியையும் ரக்பி செல்வாக்குப் பெற்ற பகுதியையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்கு, 1978 இல் இயன் டர்னர் என்னும் சரித்திர ஆசிரியர் பராஸிக் கோடு என்று பெயர் சூட்டினார். பொன்தேடி வந்த ஸ்விஸ் உழவரின் குலப்பெயர் இப்படியாகப் பூகோளப் படத்திலும் ஏறியது. ரான் பராஸி 2023 செப்டம்பர் 16 ஆம் தேதி எண்பத்தேழாம் வயதில் காலமானார். தந்தை வாழ்ந்ததைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான ஆயுள் அது.

விதியோ தன் பாட்டில் வளர்ந்தது. வட்டார முறை ஒழிந்து, ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களைச் சங்கங்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வந்த பின்னும், தந்தை மகன் விதி மட்டும் நிலைத்தது. ஜீலாங் சங்கத்தில் கேரி ஆப்லெட்டின் மகன் கேரி ஆப்லெட்டும், ஜான் ஸ்கார்லெட்டின் மகன் மாத்யூவும், ஜாக் ஹாக்கின்ஸின் மகன் டாமும் ஆடியதும், காலிங்வுட்டில் பீட்டர் டைகோஸின் இரு புதல்வர்கள் ஆடுவதும் இந்த வாயில் வழியாகத்தான். சிறந்த பிள்ளைகளை மலிவாகப் பெற்றுக்கொள்ளும் தந்திரமாக இது மாறிவிடுகிறதென்ற புகார் எழுந்ததனால், 2007 முதல் பிற சங்கங்களும் அந்தப் பிள்ளையைக் கேட்கலாம், அவர்கள் கூறும் மதிப்புக்கு ஈடான வாய்ப்பைக் கொடுத்தே தந்தையின் சங்கம் அவனைப் பெறலாம் என்று ஏற்பாடாயிற்று. மகளிர் போட்டி தொடங்கிய பின் பெண்மக்களுக்கும் இந்தப் பாத்தியதை நீட்டிக்கப்பட்டது. அது மிக நியாயமான விஸ்தரிப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் என் மனம் ஒப்பவில்லை. மகன் இந்த உரிமையைக் கோரவேண்டுமானால் தந்தை அச்சங்கத்திற்காகக் குறைந்தது 100 ஆட்டங்கள் ஆடியிருக்கவேண்டும் என்பது இப்போதைய நிபந்தனை. இரண்டொரு ஆட்டம் ஆடியவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு எவரும் வந்துவிடக் கூடாதென்று வைத்த வேலி அது. அதன் காரணம் புரியாமல் இல்லை. ஆனால் 58 ஆட்டங்களோடு நின்றவரின் மகனுக்கு அந்த வேலி இன்று வழிவிடாது. எஞ்சிய 42 ஆட்டங்களை அவர் ஆடாமல் போனது, திறமை குன்றியோ மனம் மாறியோ அன்று, டோப்ருக்கில் நின்றதனால். நாட்டின் சேவையிலோ, நோயிலோ, விபத்திலோ இளமையிலேயே மறைந்த ஆட்டக்காரர்களின் பிள்ளைகளுக்கு இந்த எண்ணிக்கையைத் தளர்த்தி ஒரு விலக்கு வகுப்பது லீக்குக்கு எளிது. அதை வகுக்கவேண்டுமென்று நான் கேட்கிறேன்.